ஊசியக்கா கறியை விட்ட கதை

கீழே செருப்புக் கடை, மேலே டாக்டரம்மாவின் கிளினிக். கிளினிக்குக்குப் பின்னால், ஒரு கட்டில் போட்டால் திரும்ப இடமிருக்காத அளவில் ஒரு பரிசோதனை அறை. அந்த அறையில்தான் அவள் பதினெட்டு வருடமாக ஊரார் கையைப் பிடித்து நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. எல்லோருக்கும் ஊசியக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, "ஊசியக்கா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார்கள்.

கைராசி அப்படி. மற்ற இடங்களில் நாலு முறை குத்துப்பட்டு, நரம்பே கிடைக்காமல் திரும்பி வந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, "அந்தச் சுவத்துல பல்லி போகுது பாருங்க" என்பாள். அவர்கள் பல்லியைத் தேடி முடிப்பதற்குள் ஊசி போய், குழாய் நிறைந்து, பஞ்சு வைத்துக் கையை மடக்கியாகிவிடும்.

"பல்லி எங்கக்கா?"

"அது போயிடுச்சு. நீங்களும் போகலாம்."

இப்படி ஊரையே சிரிக்க வைத்து இரத்தம் எடுத்தவள், தன் கையை மட்டும் ஒருநாளும் யாரிடமும் நீட்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா கேட்பார். "நாளைக்கு வெறும் வயித்துல வா, உனக்கும் ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாம்." மறுநாள் அவள் வேண்டுமென்றே காப்பி குடித்துவிட்டு வருவாள். "ஐயோ, மறந்து குடிச்சுட்டேன் மேடம்." அதற்கு அடுத்த நாளும் மறதி. மூன்றாம் நாள் டாக்டரம்மாவே மறந்துவிடுவார்.

அது சோம்பல் என்று டாக்டரம்மா நினைத்தார். அது பயம்.

அவளுடைய அப்பா நாற்பத்தொன்பது வயதில் போனார். வேலைக்குக் கிளம்பும்போது ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்போது அவள் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் இருந்தாள். அண்ணன் நாற்பத்தேழில் போனான். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி நின்றவன், பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்தான். அவர் முதலில் திட்டினாராம்.

அப்பா போனது அவளுக்குத் துக்கம். அண்ணன் போனது துக்கத்தோடு இன்னொன்றும். அவன் சாவதற்கு இரண்டரை மாதம் முன்னால் அவன் இரத்தத்தை அவள்தான் எடுத்தாள். எடுத்த இரத்தத்தைக் கொஞ்சம் உறைய விட்டு, எந்திரத்தில் சுற்றவிட்டால், சிவப்பெல்லாம் அடியில் இறங்கி, மேலே தெளிந்த மஞ்சள் நீராக ஒன்று நிற்கும். சீரம் என்பார்கள். எலுமிச்சைச் சாறு போட்ட தண்ணீர் மாதிரி இருக்கும். அண்ணனுடைய குழாயில் அது வெள்ளை வெளேரென்று பால் மாதிரி நின்றது. இரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு.

"அண்ணா, இதைப் பாரு. டாக்டரைப் போய்ப் பாரு."

அவன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். "உடம்புல பாலே ஓடுது பார்த்தியா? நல்ல மனசுக்காரன்டி உங்கண்ணன்."

"விளையாடாதே."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

அவளும் சரி, பார்ப்பான் என்று விட்டுவிட்டாள். அந்தப் 'பார்க்கலாம்' நாலு வருடமாக அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. தன் குழாயிலும் பால் நின்றுவிட்டால்? பார்த்தால்தானே தெரியும். பார்க்காமல் இருந்தால் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்கும் பூனையின் கணக்குத்தான். அதை அவளும் அறிவாள்.

வீட்டில் அவள் கணவர் சமையல்காரர். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நூற்றைம்பது பேருக்குக் கறி சமைப்பவர். காய்க்கு வேறு ஆள், மாவுக்கு வேறு ஆள். இறைச்சி இவர் பொறுப்பு. பாசத்தை வாயால் சொல்லத் தெரியாத மனிதர். தட்டில் வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து கொழுப்போடு கூடிய நல்ல துண்டும் மஜ்ஜை நிறைந்த எலும்பும் அவள் தட்டுக்குத்தான். கறியில்லாத சாப்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் 'ஆஸ்பத்திரிச் சோறு'. அண்ணன் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, மச்சான் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அந்த நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குவான்.

அவளுக்கு நாற்பத்தாறு நடக்கிற சமயம். ஒரு காலை, குளிக்கும்போது முழங்கைக்குப் பின்னால் ஏதோ நெருடியது. துண்டால் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தாள். கடுகு கடுகாக ஒரு கூட்டம் பருக்கள். ஒவ்வொன்றின் நுனியும் மஞ்சளாக இருந்தது. வலி இல்லை. வேர்க்குருவாக இருக்கும் என்று பவுடரைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் சாய்ந்து, முழங்கையை அதன் முதுகுக் கட்டையில் தேய்த்துக்கொண்டு அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. "என்னமோ வேர்க்குரு மாதிரி. கடுகைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு பாரு."

 வாளியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வெளியிலிருந்து மகள், "அம்மா, எனக்கு நேரமாச்சு, உள்ளே வீடு கட்டறியா?" என்று கதவைத் தட்டினாள். பதினாறு வயது. அவசரமெல்லாம் அவளுக்கு மட்டும்தான்.

அன்று முழுவதும் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன. மூன்று மாதமாக வீட்டுக்குப் படியேறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நிற்பது. சாப்பிட்டதும் கல்லை விழுங்கியதுபோல் வயிறு கனப்பது. நடுப்பகலில் தலை சாய்ந்தால் போதும் என்றிருப்பது. எல்லாவற்றுக்கும் வயது, வேலை, வெயில் என்று ஒவ்வொரு காரணம் வைத்திருந்தாள். காரணங்களெல்லாம் அன்று ஒரேயடியாக அவளைக் கைவிட்டுவிட்டன.

மறுநாள் காப்பி குடிக்கவில்லை. ஆறரை மணிக்கே போய்ப் பரிசோதனை அறையைத் திறந்தாள். கையில் கட்டும் ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, இடது கையில் கட்டினாள். நரம்பு நன்றாகத்தான் எழுந்து நின்றது. குத்தினாள், தவறியது. மறுபடியும் தவறியது. பச்சைக் குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் எடுக்கிற கை, தன் கை என்றதும் தறிகெட்டு ஆடியது. மூன்றாவது முறைதான் குழாய் நிறைந்தது. அதன்மேல் பெயர் எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும்போல் இருந்தது.

உறைய அரை மணி நேரம். சுற்றப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் எந்திரத்தின் மூடியில் ஒட்டியிருந்த 'சுற்றும்போது திறக்காதே' என்ற சீட்டை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டு நின்றாள். எந்திரம் முனகி முனகி ஓய்ந்தது. மூடியைத் திறந்தாள்.

பால்.

குழாய்த் தாங்கியின் கடைசி ஓட்டையில் அதைச் சொருகிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். ஆட்கள் வந்துவிட்டார்கள். வரிசையாகப் பதினாலு பேருக்கு எடுத்தாள். பல்லியைக் காட்ட மறந்துபோனாள். ஒரு கிழவர், "ஊசியக்கா, உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? பொணத்தைத் தொட்ட மாதிரி" என்றார். வழக்கமாக என்றால் அவருக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்து தாங்கியைப் பார்த்தார். கடைசிக் குழாயை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யாரோடது? பேரே எழுதலை?"

"வந்து... காலையில ஒருத்தர் குடுத்துட்டுப் போனாங்க மேடம்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

"வயசு?"

"நாப்பத்தாறு."

"உடனே போன் போட்டு வரச் சொல்லு. இதை இப்படியே விட்டா ஒண்ணு கணையம் கெட்டுப்போகும், இல்லை நெஞ்சு நிக்கும். எது முந்திக்கும்னு சொல்ல முடியாது."

"போன் எடுக்க மாட்டாங்க மேடம்."

"எடுக்கலைன்னா வீட்டுக்கே போய்ச் சொல்லு. ஒரு உசுரும்மா. வீடு எங்கே இருக்கு?"

அவள் தாங்கியிலிருந்த மற்றக் குழாய்களை வரிசைப்படுத்தினாள்.  டாக்டரம்மா குழாயிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். முகத்திலிருந்து பார்வை இடது கைக்கு இறங்கியது. அங்கே பக்கத்தில் பக்கத்தில் மூன்று பஞ்சு ஒட்டியிருந்தது.

"உக்காரு" என்றார். வெளியே காத்திருந்தவர்களிடம் அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பு ஆயிரத்து நூற்றெண்பது இருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதினார். அப்பா, அண்ணன் வயதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"இது உங்க குடும்பத்து ரத்தத்துலயே இருக்கு. மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உன் தட்டுல இருக்கு. என்ன சாப்பிடுறே?"

சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் பேனா எழுதுவதை நிறுத்திவிட்டது.

"ரெண்டு வேளையும் கொழுப்புக் கறியா? சுத்தமா விடணும்னு நான் சொல்லமாட்டேன். கொழுப்பில்லாம, எப்பவாவது, கொஞ்சமா..."

"கொஞ்சம்னா எவ்வளவு மேடம்?"

"ரெண்டு துண்டு."

அன்று முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்ல ரெண்டு துண்டுங்கறது உப்புப் பார்க்கறதுக்கு மேடம்."

சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தன்னை அவளுக்குத் தெரியும். இரண்டு துண்டு நாலாகும், நாலு எட்டாகும், எட்டாவது துண்டில் 'பார்க்கலாம்' என்று சொல்ல அவளுக்கும் வாய் வரும். விட்டால் ஒரேயடியாக விட வேண்டும். கிளினிக்கிலிருந்து இறங்கும்போதே விட்டுவிட்டாள்.

விட்டதைவிடப் பெரிய பாடு அதை வீட்டில் சொல்வதுதான். கணவர் ஆசையாக வைக்கும் துண்டுகளை, அவர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து மகள் தட்டுக்குக் கடத்தினாள். மகள் முதல் நாள் மகிழ்ந்தாள், மூன்றாம் நாள் சந்தேகப்பட்டாள். இவள் வெறும் சோற்றையும் ஓரத்தில் கிடந்த வெங்காயத்தையும் தின்றுவிட்டு எழுந்தாள். மேசைக்கு வரும்போதெல்லாம் ஒரு பக்கம் அவர் முகம் வாடுமே என்ற பயம். இன்னொரு பக்கம், ஆசையாக எடுத்து வாயில் போட்டுவிடுவோமோ என்ற பயம். எட்டு நாள் இப்படி ஓடியது.

எட்டாம் நாள் இரவு அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, என் கை கசக்குதா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"பின்னே? எட்டு நாளா நானும் பார்க்கறேன். எலும்பு ஊர்வலம் போற மாதிரி உன் தட்டுலேருந்து அவ தட்டுக்குப் போகுது."

 "நான் கறியை விட்டுட்டேங்க."

"விட்டுட்டியா? எங்கே விட்டே, பஸ்லயா?"

மகள் பக்கென்று சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவருக்கு ஏதோ உறைத்தது. ஆனால் பேச்சு பழைய வழியிலேயே போனது. "புலி பசிச்சாலும் புல்லைத் திங்காது. யார் இதெல்லாம் உனக்குச் சொன்னது?"

"எங்க வீட்டுப் புலி ஒண்ணுகூட ஐம்பதைத் தாண்டலைங்க."

சட்டைக் கையை மடித்து முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். இரத்தம் பால் மாதிரி நின்றதைச் சொன்னாள். அண்ணனுக்கும் அதே நின்றதை, தான் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததை, நாலு வருடத்தில் முதன்முறையாகச் சொன்னாள். அவர் கரண்டியை மேசைமேல் வைத்தார். பாத்திரத்தில் அல்ல, மேசைத் துணியின் மேலேயே வைத்தார். குழம்பு ஊறிப் பரவியது.

"அப்போ உங்கண்ணனுக்கு... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான்..."

"அப்படிச் சொல்லாதீங்க. இது எங்க ரத்தத்துல இருக்கறது. நூத்தைம்பது பேரு உங்க கறியைத் தின்னுட்டு நல்லாத்தானே இருக்காங்க? எங்க உடம்புக்கு அது ஆகலை, அவ்வளவுதான்."

"நான்தானே மறுபடி மறுபடி வெச்சேன். அவன் போதும்னான். நான்தான் சாப்பிடுடான்னேன்."

சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. கழுவ ஒன்றுமில்லை. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப்பின் அவர் அவளுக்குச் சமைக்கவே பயந்தார். எதை வைத்தாலும் விஷமாகிவிடுமோ என்று எடுத்த கரண்டியைத் திரும்ப வைத்துவிடுவார். "நீயே உனக்கு வேணுங்கறதைச் செஞ்சுக்கோ" என்றார். அவளோ பிறந்ததிலிருந்து கறிச் சட்டியைத்தான் கண்டவள். கறி போன இடத்தில் எதையாவது நிரப்ப வேண்டுமே! உருளைக்கிழங்கைப் பொரித்தாள். கத்தரிக்காயைப் பொரித்தாள். வெள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றாள். மாலையில் வாய் நமநமவென்றால் ஒரு இனிப்பு. கறியைத்தான் தொடவில்லையே என்று மனதுக்குள் ஒரு தெம்பு.

இரண்டாவது மாதம், ஒரு கிலோ உருளைக்கிழங்குப் பையோடு மாடி ஏறியவளுக்கு இரண்டாம் திருப்பத்தில் நெஞ்சில் பிடித்தது. நெருப்பை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. பை கைநழுவியது. கிழங்குகள் படிப்படியாக உருண்டு கீழே போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். நாற்பத்தாறுதானே ஆகிறது, அண்ணனுக்குக் கிடைத்த அந்த ஒரு வருடம்கூட எனக்கு இல்லையா என்று நினைத்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த மகள், அவள் முகத்தைப் பார்த்ததும், "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறு சொல் தெரியாதவள் போல அதையே சொன்னாள்.  மகள் மடியில் தலையை வைத்தபோது, இந்தப் பிள்ளைக்கு இன்னும் தலை பின்னிக்கொள்ளக்கூட ஒழுங்காகத் தெரியாதே என்ற எண்ணம்தான் அவளை உலுக்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா அவள் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். கேன்டீன் உடுப்பும் இடுப்பில் கட்டிய துணியுமாகக் கணவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்லை. வயித்துல எரிச்சல். அது மேலே ஏறியிருக்கு." டாக்டரம்மா இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். எண்ணூற்றறுபது. "ரெண்டு மாசம் மாத்திரை தின்னு இவ்வளவுதானா? என்ன சாப்பிடுறே, நேர்மையா சொல்லு."

சொன்னாள்.

"ஏம்மா, ஆட்டை விட்டுட்டே, சரி. எண்ணெயில முங்கி எழுந்தது காயா? சர்க்கரை செடியில விளைஞ்சதுங்கறதுக்காக அள்ளித் தின்னலாமா? கறியை விட்டா மட்டும் போதுமா? அந்த இடத்துல என்ன வைக்கிறேங்கறதுதான் பேச்சு."

 கணவர் இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எண்ணெய் எத்தனை கரண்டி டாக்டர்? ஒரு நாளைக்கு."

டாக்டரம்மா சொன்னார்.

"பருப்பு எவ்வளவு? பயறு? உப்பு?"

கேட்டுக் கேட்டு, மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்பதுபோல் கேட்டார். முளைகட்டியதா வேகவைத்ததா, கீரையைத் தினமும் கொடுக்கலாமா, பால் எவ்வளவு என்பதெல்லாம் கேட்டார். கறி இல்லாமல் போனால் ஒரு வைட்டமின் குறையும், அதற்கு மட்டும் ஒரு மாத்திரை என்று டாக்டரம்மா சொன்னதையும் எழுதி அடிக்கோடு போட்டார். "சரி டாக்டர். இனிமே நான் பார்த்துக்கறேன்" என்றார். கிளம்பும்போது அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். படி இறங்கும்வரை விடவில்லை.

நூற்றைம்பது பேருக்குக் கறி ஆக்கியவருக்கு ஒருத்திக்குக் காய் ஆக்கத் தெரியவில்லை. பூசணிக்காயைத் தொடைக்கறி வெட்டுவதுபோல் வெட்டி வைத்தார். வெளியே குழைந்து உள்ளே பச்சையாக இருந்தது. பயறை மூன்று விசில் கூடுதலாக வைத்துக் கூழாக்கினார். "அப்பா, இது சாப்பிடறதா, சுவரொட்டி ஒட்டறதா?" என்றாள் மகள். கடைசியில் வெட்கத்தை விட்டு, கேன்டீனில் தன்னோடு வேலை செய்யும் காய் சமைப்பவரிடமே போய்க் கேட்டார். அதுவரை அந்த ஆளை 'புல்லுக்கட்டு' என்று கேலி செய்துகொண்டிருந்தவர் இவர். புல்லுக்கட்டு ஒரு வாரம் அவரைக் காக்க வைத்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தாராம். பயறை வறுத்து வேகவைக்கும் பதம், ஒரு கரண்டி எண்ணெயில் காயை மூடிவைத்து அதன் தண்ணீரிலேயே வேகவிடுவது, புளிப்பும் காரமும் இருந்தால் நாக்கு கொழுப்பைத் தேடாது என்ற சூட்சுமம். மெல்ல மெல்ல வீட்டில் வேறொரு வாசனை வரத் தொடங்கியது.

நாலாவது மாதத்தில் ஒருநாள் அவள் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான், இரண்டாம் திருப்பத்தில் நிற்கவில்லை என்பதைக் கவனித்தாள். மதியம் சாப்பிட்ட பின் கண் சொருகவில்லை. காலைக்கடன் சிரமமில்லாமல் முடிந்தது. சட்டை தோளில் தொளதொளத்தது. மூட்டு வலி என்று குனியப் பயந்தவள், கட்டிலடியில் உருண்ட மாத்திரையைக் குனிந்து எடுத்தாள். முழங்கையில் இருந்த கடுகுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. தடவினால் தோல் மட்டுமே தெரிந்தது.

மற்றவர்களாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவளுக்கு அதுவே புதுப் பயமாயிற்று. அண்ணன்கூட சாவதற்கு முதல்நாள், "உடம்பு இப்போ ஜம்முனு இருக்கு" என்றுதானே சொன்னான்? உடம்பு நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் சாவு அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடும் என்பதுபோல், யார் கேட்டாலும், "இருக்கேன், இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். கணவர் ஒருநாள், "முகம் தெளிஞ்சிருக்குடி" என்றபோது, "சும்மா இருங்க" என்று அவர் வாயைப் பொத்தினாள்.

ஆறாவது மாதப் பரிசோதனைக்கு அவளே எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா எடுத்தார். ஒரே குத்து. எந்திரம் நின்றதும், "நீயே திற" என்றார் டாக்டரம்மா. அவளால் முடியவில்லை. "நீங்க பாருங்க மேடம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. 

"என்ன மேடம்?"

"திரும்பும்மா."

எலுமிச்சைச் சாறு போட்ட தண்ணீர். குழாய்க்கு அப்பால் டாக்டரம்மாவின் விரல் தெரிந்தது. எண் நூற்றுத்தொண்ணூறு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அதில் அண்ணனுக்கான அழுகையும் கலந்திருந்தது. இவ்வளவுதானா, இதைச் செய்திருந்தால் போதுமா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று.

அதனால்தான் மகள் விஷயத்தில் அவள் விடவில்லை. "எனக்கென்ன, பதினேழு வயசு" என்று முரண்டு பிடித்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தாள். மகளின் சீரம் பால் இல்லை. ஆனால் தெளிவும் இல்லை, லேசாகக் கலங்கியிருந்தது. முந்நூற்றுப் பத்து. அந்தக் கலங்கலைப் பார்த்தபோது அவளுக்கு வந்த பயம், தன் குழாயில் பாலைப் பார்த்தபோதுகூட வரவில்லை. அது ஒரு தலைமுறை தாண்டியும் போகிற பயம்.

மகள் குழாயை வாங்கிப் பார்த்தாள். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். "நான் உன்னை மாதிரி ஒரேயடியா விடமாட்டேன். வீட்ல அப்பா என்ன போடறாரோ அதைச் சாப்பிடறேன். வெளியே ஃப்ரெண்ட்ஸோட எப்பவாவது கோழி. ஆறு மாசத்துக்கு ஒருதடவை நீ குத்திக்கோ. சரியா?"

ஊசியக்கா யோசித்தாள். பதினேழு வயதில் அண்ணனும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? "சரி" என்றாள். மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கலங்கல் அடுத்த வருடத்துக்குள் தெளிந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஆறு மாதமும் எந்திரம் நிற்கும்போது தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளத்தான் செய்தாள்.

நாற்பத்தேழாவது வயது முழுக்க அவள் பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் நடந்தே வேலைக்குப் போனாள். நாற்பத்தொன்பதில் நாடா வைத்த செருப்பு வாங்கவில்லை. கணவருக்கு இதெல்லாம் தெரியும், கேட்கவில்லை. ஐம்பது பிறந்தபோது அவளுக்கு என்ன செய்வதென்றே விளங்கவில்லை. ஐம்பது வயது எப்படி இருக்கும் என்று சொல்ல அவள் பிறந்த வீட்டில் அப்பா பக்கத்தில் ஒருவரும் இருந்ததில்லை.

அந்த வருடம்தான் நரம்பு மங்கலாகத் தெரியத் தொடங்கியது. குழாயின் மேல் ஒட்டும் சீட்டில் பெயர் எழுதினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அவளுக்கு உயிர் போனது. கொழுப்பு இப்போது கண்ணுக்குப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். கணவரிடம் சொல்லாமல் மூன்று நாள் மனதுக்குள் வெந்தாள். நாலாம் நாள் 'பார்க்கலாம்' என்ற சொல் வாய்வரை வந்ததும், தன் மேலேயே கோபம் வந்து, கண் டாக்டரிடம் நேரே போய் உட்கார்ந்தாள்.

அவர் விளக்கடித்துப் பார்த்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். சின்ன எழுத்துச் சீட்டைக் கையில் கொடுத்துக் கிட்டே, தள்ளி, கிட்டே என்று பிடிக்கச் சொன்னார். அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"உள்ளே எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். "படிக்கறதுக்கு ஒரு கண்ணாடி போட்டா சரியாயிடும்."

"என்ன நோய் டாக்டர்?"

"நோயா? வயசாகுதும்மா. எல்லாருக்கும் வர்றதுதான்."

அவள் அவரையே பார்த்தாள். "எனக்கா?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கடைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள்.